கூட்டாமல் குறைக்காமல்

பன்னிரண்டு மணிக்குள் ஒரு பதில் வேண்டும். இப்போது எட்டேகால். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. ரத்தினத்தின் இடது கையிலிருந்து ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே போய், அந்த வெள்ளைப் பெட்டிக்குள் சுற்றி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது. போகிறதும் சிவப்பு, வருகிறதும் சிவப்பு, எதைக் கழுவினார்கள் என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை இந்தப் பெட்டி செய்கிறதாம், நாலு மணி நேரம், செவ்வாயும் வெள்ளியும். நான் இந்த பிளாஸ்டிக் நாற்காலியில். ஒரு கால் குட்டை, கொஞ்சம் அசைந்தால் டக்கென்று ஒரு சத்தம், சத்தம் கேட்டால் ரத்தினம் கண்ணைத் திறந்து பார்க்கிறாள், ஆகவே அசையக் கூடாது. அசையாமல் எப்படி இருக்கிறது? ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னாள், மார்க்கெட் நெரிசலில் ஆட்டோ நின்ற இடத்தில், பக்கத்தில் ஒருத்தன் கொய்யாப்பழம் கூவிக்கொண்டிருக்கும்போது, கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு, "இங்கேருங்க, இன்னைக்கு மெஷின் நிக்கும்போது நீங்க எனக்கு ஒரு பதில் சொல்லணும். இது எனக்குச் சுகமாகுமா, ஆகாதா? கூட்டாம குறைக்காம. ஆகாதுன்னா வெள்ளிக்கிழமை நான் வரல்ல." அதைக் கேட்டுக் கொய்யாப்பழக்காரனே ஒரு நொடி வாயை மூடிவிட்டான். இல்லை, மூடவில்லை. அவன்பாட்டுக்குக் கூவினான். பார், ஞானாபரணம், மனசுக்குள்ளேயே உன்னால் ஒரு கொய்யாப்பழக்காரனைச் சும்மா விட முடியவில்லை, இந்த லட்சணத்தில் நீ பதில் சொல்லப் போகிறாய்.

என்னிடம் ஏன் கேட்கிறாள், அதுதான் எனக்கு ஓடவில்லை. எங்கள் அனுக்கிரகபுரத்தில் பிள்ளைகள் பொய் சொன்னால் தாய்மார் கேட்கிற கேள்வி, "ஞானாபரணம் தாத்தா வீட்டுல இருந்தா வார?" முப்பத்தோரு வருஷம் உப்பு லாரி ஓட்டினவன் நான், தூத்துக்குடியில் ஏற்றினால் நாக்பூர், அதுக்கும் மேலே, பாதை நீளம், துணைக்கு ஒரு கிளீனர், அவனும் தூங்கிப்போவான், பொய் இல்லாமல் அவ்வளவு தூரத்தை யார் கடப்பார்? "டாக்டரக் கேளேன்ட்டி," என்றேன். "டாக்டரு சிரிக்காரு. மக போன்ல அழுதா. சபை ஐயரு கண்ண மூடி ஜெபம் பண்ணுதாரு. ஒருத்தரும் பதில் சொல்லல்ல. நீங்க பொய்தான் சொல்லுவிய. ஆனா நீங்க சொன்னா அது பொய்யின்னு எனக்குத் தெரியும்." "எப்படித் தெரியும்?" "பொய்யின்னா உங்களுக்கு எண்ணிக்கை வரும். பதினோரு வளைவும்பிய, முன்னூறு மூட்டையும்பிய, நாப்பதடிப் பாம்பும்பிய. நெசத்துக்கு உங்ககிட்ட எண்ணிக்கையே கிடையாது. நம்ம கல்யாணத் தேதி என்னன்னு கேட்டா முழிப்பிய." ஆட்டோக்காரன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான். இது உண்மை, சிரித்தான். இத்தனை வருஷமாக ஒருத்தி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என் பொய்யின் வாலை எங்கே பிடிப்பது என்று கண்டுபிடித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு பொய் சொன்னால் என்ன? "ஆகும்ட்டி, நல்லாயிரும்," அவ்வளவுதானே, அதில் எண்ணிக்கை எங்கே வருகிறது? ஆனால் அதுவும் முடியாது. ஏன் முடியாது என்பது எனக்கும் மேலே இருக்கிறவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். டாக்டர் போன செவ்வாய் வராண்டாவில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார், அவரும் எண்ணிக்கை இல்லாமல்தான் சொன்னார், "சரியாகாது அய்யா. வந்துக்கிட்டே இருந்தா இருப்பாங்க. எவ்வளவு நாள்னு என்னால சொல்ல முடியாது. நிறுத்துனா சீக்கிரம் முடிஞ்சிரும்." ஆக, உண்மையைச் சொன்னால் வெள்ளிக்கிழமை வரமாட்டாள். வராவிட்டால் முடிந்துவிடும். பொய் சொன்னால் வருவாள், ஆனால் பொய் என்று கண்டுபிடித்துவிடுவாள், கண்டுபிடித்தால் வரமாட்டாள், கண்டுபிடிக்காவிட்டாலும் நான் சொல்லக் கூடாது. எட்டு இருபது. பெட்டிக்குள் ஒரு சக்கரம் சுற்றுகிறது, குழாயை நசுக்கி நசுக்கி விடுகிறது.

பொருத்தனை. அதுதான் விஷயம். மூன்று வாரத்துக்கு முன்னால், இதே கட்டடத்தில் மேல்மாடியில், இவள் மூச்சுக்குழாய் மாட்டிக் கண் திறக்காமல் கிடந்தபோது, உள்ளே விடமாட்டேன் என்றார்கள், நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லாரும் "தள்ளி உக்காருங்க தாத்தா," என்றார்கள். எதையாவது கொடுத்துத்தான் கேட்க வேண்டும் என்று மனசு சொன்னது. கொடுக்க என்ன இருக்கிறது? வெற்றிலையை விட்டு வெகுநாளாச்சு. சாராயத்தை மகள் பிறந்தபோதே விட்டாச்சு, கொஞ்சம் கொஞ்சமாக. தலையில் முடி இல்லை, இருந்தாலும் நம்ம சபையில் மொட்டை போடுகிற வழக்கம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தால் விடுவதற்கு என்னிடம் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். "ஆண்டவரே, இவளை எழுப்பி உட்கார வையும். இனிமேல் என் வாயில் பொய் வராது." சொல்லும்போதே ஒரு ஓட்டை வைக்கலாமா, "பெரிய பொய்" என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது, அது அவருக்கும் கேட்டிருக்கும், ஆனால் வைக்கவில்லை, முழுசாகத்தான் சொன்னேன். மறுநாள் காலை இவள் எழுந்து உட்கார்ந்தாள். முதல் கேள்வி, "கோழிய அடைச்சியளா?" என் நாக்கில் அப்போதே ஒரு கோழி வந்து நின்றது, ஒரே நாளில் பதினாலு முட்டை போட்ட கோழி, பெட்டியில் இடமில்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்ப் போட்ட கோழி. வாயைத் திறந்தேன். மூடினேன். "அடைச்சேன்," என்றேன். அவ்வளவுதான் அன்றைக்கு. அவர் அவர் வார்த்தையைக் காப்பாற்றிவிட்டார், இனி நான் காப்பாற்ற வேண்டும். உண்மையை மட்டும் பேசுவது என்று ஆனபிறகுதான் தெரிந்தது, எனக்குப் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை. சோறு வெந்தது. மழை இல்லை. மாத்திரை போட்டாயா. இப்படி மூன்று வாரம். அவளிடம் பொருத்தனையைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், அவள் சிரிக்கிற சிரிப்பில் எப்பேர்ப்பட்ட பொருத்தனையும் நெளிந்துபோகும் என்று ஒரு பயம்.

"அண்ணாச்சி, அந்த உப்பு லாரிக் கதையச் சொல்லுங்களேன்." பக்கத்துக் கட்டில் பீர் மைதீன், மீன் கடைக்காரர், என்னைவிட நாலைந்து வயசு குறைவு. அவருக்கும் செவ்வாய், வெள்ளி. முதல் தடவை வந்த அன்றைக்கு, பொருத்தனைக்கு முன்னால், நான் சொன்ன கதையைத்தான் கேட்கிறார்: ஆற்று வெள்ளத்தில் லாரி சிக்கி, முன்னூறு மூட்டை உப்பும் கரைந்து, ஆறே கடலாகி, மூன்று நாள் ஜனங்கள் பாலத்திலிருந்து தூண்டில் போட்டு வஞ்சிரம் பிடித்த கதை. மீன் கடைக்காரரிடமே சொன்னேன், அவரும் "வஞ்சிரமா? சீலாவா?" என்று சரி பார்த்துக்கொண்டு கேட்டார், குழாய் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார், சிஸ்டர் பியூலா ஓடி வந்து திட்டினாள். இப்போது நான் சொல்கிறேன், "எந்த லாரி?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்ன அண்ணாச்சி, மேலுக்குச் சுகமில்லையா?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல." அப்போதுதான் ரத்தினம் கண்ணை மூடியபடியே சொன்னாள், என்னிடம் இல்லை, அவரிடம், "அவர விடுங்க பாய். டாக்டரு அவருகிட்ட என்னமோ சொல்லியிருக்காரு. அதுல இருந்துதான் வாயடைச்சுப்போச்சு. மூணு வாரமா வீட்டுல ஒரு பாம்பு இல்ல, ஒரு புலி இல்ல. நான் போகப்போறேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு." பீர் மைதீன் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். நாற்காலி டக்கென்றது. அட பாவி. மூன்று வாரமாக நான் ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தேன், அவள் அதை மரணச் செய்தியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் "சோறு வெந்தது" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் காதில் "நீ பிழைக்கமாட்டாய்" என்று விழுந்திருக்கிறது. வாயை மூடுவதிலும் ஒரு பொய் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்? நல்லது செய்யப்போய் என்று சொல்வார்கள், நல்லதா இது, இப்போதே சொல்லிவிடலாம், பொருத்தனைதான் ரத்தினம், வேறொன்றுமில்லை, என்று. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அப்போ டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையா? சொன்னார். என்ன சொன்னார்? ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவும் சேர்ந்து திறக்கிறது. ஒன்பது ஐந்து. இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது, மூன்று மணி நேரம் நிறைய நேரம், ஒன்பது ஆறு.

ஐயர் என்ன சொன்னார்? எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வாசலில் எல்லாருக்கும் கை கொடுக்கிற இடத்தில், என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார், "அண்ணாச்சி, கஷ்டகாலத்துல ரெண்டே வேலைதான். கர்த்தர் இதுவரைக்கும் நடத்துனத நினைச்சுப் பாருங்க. நினைச்சுட்டு, முன்னால இருக்கிற அடுத்த காரியத்தக் கீழ்ப்படிஞ்சு செய்ங்க. மத்தத அவர் பாத்துக்கிடுவாரு." சின்ன வயசு ஐயர். நினைக்கிறதுக்கு அவருக்கு இன்னும் ஒரு சாக்குக்கூட நிறையவில்லை. எனக்குச் சாக்குச் சாக்காக இருக்கிறது, எதை அவிழ்த்தாலும் உள்ளே உமி. நினைத்துப் பார் என்றால் எதை நினைக்கிறது? மலைப்பாதையை நினைக்கலாமா? பிரேக் போனது, பக்கத்தில் பாதாளம், நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகூப்பினேன், லாரி பதினோரு வளைவையும் தானாகத் திரும்பி இறங்கிப் போய் ஒரு டீக்கடை வாசலில் நின்றது, டீக்கடைக்காரன் "சர்க்கரை எவ்வளவு?" என்றான். அறுப்பின் பண்டிகையில் சபை முன்னால் இதைச் சாட்சியாகச் சொன்னேன், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், நானும் அழுதேன், அது பொய் அழுகை இல்லை. ஆனால் பிரேக் போனதா? கிளீனர் துரைப்பாண்டி அன்றைக்கே கேட்டான், "அண்ணாச்சி, பிரேக்கு நல்லாத்தானே பிடிச்சிச்சு?" அவனை அதட்டி உட்கார வைத்தேன். அன்று உண்மையில் என்ன நடந்தது? ஒரு திருப்பத்தில் எதிரே பஸ் வந்தது, ஒதுங்கினேன். அல்லது ஒதுங்கவில்லை, பஸ்காரன் ஒதுங்கினான். அல்லது பஸ்ஸே இல்லை. டயரில் ரீட்ரெட் அடிப்பார்கள், தேய்ந்த டயரின்மேல் புது ரப்பர் ஒட்டி, அதுவும் தேய, அதன்மேல் இன்னொன்று. நாற்பது வருஷம் ரீட்ரெட் அடித்த ஞாபகம் என்னுடையது, உள்ளே பழைய டயர் இருக்கிறதா, வெறும் கம்பிதானா, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். எத்தனை மேடையில் சொன்னேன், பாம்பு வழிவிட்டது, புலி திரும்பிப் போனது, வானத்தில் சத்தம் கேட்டது. ஆண்டவரே, நீர் எனக்கு உண்மையாகவே ஏதாவது செய்திருப்பீர். செய்திருக்கத்தான் வேண்டும். நான் அதன்மேல் எதையோ பூசிவிட்டேன், இப்போது உம்முடையது எது என்னுடையது எது என்று எனக்குத் தெரியவில்லை, நெருக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு தேடினால் கையில் வருவதெல்லாம் நான் செய்த காகிதக் கம்பு.

"ஐஸ்," என்றாள் ரத்தினம். தண்ணீர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு, அந்த அளவுக்குள் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வாள், கரைகிறவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு. பிளாஸ்கிலிருந்து எடுத்து வைத்தேன். உதடு வெடித்திருக்கிறது. இவளுக்குத் தண்ணீர் என்றால் உயிர், கிணற்றடியில் நின்றால் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பாள், கழுத்து ஏறி இறங்கும். இப்போது ஒரு ஐஸ் துண்டு. நான் வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது அடுக்களைக்குப் போய், சத்தம் வராமல், திருடன் மாதிரிக் குடிக்கிறேன். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும். எதுதான் தெரியாது? பத்து இருபத்தைந்துக்கு அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, மெஷின் தண்ணீரை எடுக்க எடுக்க இப்படி வரும், பல்லைக் கடித்துக்கொண்டு "ஏசுவே ஏசுவே" என்றாள், நான் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்து நெட்டித் தேய்த்தேன். "மெதுவா, கியர் போடுத மாதிரி போடாதிய." "பேசாம இரு." "பேசாம இருக்கிறது உங்க வேலையால்லா ஆகிப்போச்சு." குதிகாலில் வெடிப்பு. இந்தக் கால். வெள்ளைச் சேலைக்குக் கீழே இந்தக் கால் நடந்து போனது ஒரு நாள், எனக்கு முன்னால், நான் பின்னால் இந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல். வேண்டாம். அது வேண்டாம். அதைப் பற்றி ஒரு நல்ல சாட்சி இருக்கிறது என்னிடம், அதை நினைக்கலாம்: வானத்திலிருந்து ஒரு சத்தம், "எழுந்திரு, ஆலயத்துக்குப் போ," கூரை ஓடு ஏழு தடவை அதிர்ந்தது, தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரு சூடு இறங்கியது, தோளில் ஒரு கை. ஏழு தடவை. எண்ணிக்கை. பார்த்தாயா, எண்ணிக்கை. "விட்டிருச்சா?" "விட்டிருச்சு. நீங்க தேச்சிக்கிட்டே இருங்க." தேய்த்துக்கொண்டே இருந்தேன். கை தேய்க்கிறது, மனசு அந்த ஓட்டுக் கூரைக்கு அடியில் போய் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது.

சுகிர்தன். பேரைச் சொல்லியே வெகுநாளாச்சு. பதினோரு மாதப் பிள்ளை, எங்கள் மகன். பதினோரு வளைவு என்று எல்லாவற்றிலும் எனக்குப் பதினொன்று ஏன் வருகிறது என்று இவள் கண்டுபிடித்திருப்பாளோ, இருக்கும், கேட்டதில்லை. மூளைக்காய்ச்சல். நான் நாக்பூரில். தந்தி லாரி ஆபீசுக்குப் போய், அங்கிருந்து ஆள் மாறி ஆள் மாறி என்னிடம் வந்து, நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மண் காய்ந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் மணி அடித்தது. நான் பாயில் குப்புறக் கிடந்தேன். கூரை அதிரவில்லை. ஒரு ஓடு அசையவில்லை. அடுக்களையில் சீப்பால் தலை வாருகிற சத்தம், சிக்கு இழுபடுகிற சத்தம், பிறகு கதவுப்பக்கம் வந்து நின்றாள், வெள்ளைச் சேலை. "எந்திரிங்க. மணி அடிச்சாச்சு." அதுதான். வானத்துச் சத்தம் அதுதான். நான் என்ன சொன்னேன்? "நீ போ. உன் ஆண்டவருக்கு இனி என் வீட்டுல ஒரு வேலையும் கிடையாது." சொல்லிவிட்டு, கைக்கு எட்டிய செம்பை எடுத்து எறிந்தேன். அவள்மேல் எறியவில்லை. அப்படியா? கதவில்தான் பட்டது. அவள்மேல் படாமல் கதவில் பட்டது என்பதுதான் சரி. ஆண்டவரே, இதைக் கூட்டாமல் குறைக்காமல் நினைக்க எனக்கு எவ்வளவு நேரமாகிறது. அவள் செம்பை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். திரும்பி வந்தாள். "எனக்கும் மனசு வரல்ல. மனசு வந்தாத்தான் போகணும்னா கோயில்ல பல்லிதான் இருக்கும். போகச் சொல்லியிருக்கு, போவோம். எந்திரிங்க." போனேன். ஏன் போனேன் என்று தெரியாது, அந்தக் குதிகாலுக்குப் பின்னால் போனேன். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. வரிசை வரிசையாகப் போய் முழங்கால் போடுகிறார்கள், எங்கள் பெஞ்சு முறை வந்தது, அவள் எழுந்து நடைபாதையில் நின்றுகொண்டு நகரவில்லை, பின்னால் வரிசை நிற்கிறது, நான் எழுந்தேன். அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டது, எச்சில் இல்லை. அவரை நினைவுகூர வேண்டிய இடத்தில் நான் என் பிள்ளையின் கைவிரலை நினைத்தேன். சூடு இறங்கவில்லை. தோளில் கை இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு முன்னால் முழங்காலில் இருந்தவன் தலையில் எண்ணெய் நாற்றம். எழுந்து வந்தோம். அடுத்த ஞாயிறும் போனோம், அன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்ததும். நான் சாட்சி சொன்ன ஒவ்வொரு தடவையும், வானத்திலிருந்து சத்தம் வந்தது என்று நான் மேடையில் கையைத் தூக்கின ஒவ்வொரு தடவையும், இவள் பெண்கள் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாளும் "அது நான்" என்று சொன்னதில்லை.

மெஷின் கூவிற்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அதற்குள்ளா, பன்னிரண்டு ஆகவில்லையே, பதினொன்று ஐம்பதுதானே. பியூலா வந்து ஒரு பொத்தானை அமுக்கினாள், "இன்னும் பத்து நிமிஷம் தாத்தா, சும்மா கத்துது," என்று போய்விட்டாள். பத்து நிமிஷம். ரத்தினம் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி எந்தப் பக்கம் ஒடித்தாலும் பாதை இல்லை. "சொல்லுங்க," என்றாள். வாயைத் திறந்தேன், வாய் அதுவாகப் பேசியது. "சுகமாகாது, ரத்தினம்." "எத்தன நாளு?" "தெரியாது. டாக்டருக்கும் தெரியாதாம். வந்துக்கிட்டே இருந்தா இருப்ப. நிறுத்துனா போயிருவ." பீர் மைதீன் கட்டிலில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரத்தினம் மேலே ஃபேனைப் பார்த்தாள். "எண்ணிக்கை ஒண்ணும் வரல்லியே," என்றாள். "வராது. நான் பொருத்தனை பண்ணியிருக்கேன்." "என்னது?" "நீ மேல்மாடியில கெடந்தபோது. நீ எந்திரிச்சா இனி பொய் சொல்லமாட்டேன்னு. அதான் வாய மூடிட்டேன். டாக்டரு சொன்னதுக்காக இல்ல. அவரு சொன்னது போன செவ்வாக்கிழமைதான்." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், கண் அகலமாகிக்கொண்டே போனது, பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது, கையை அசைக்கக் கூடாது என்பதால் கையை மட்டும் கட்டை மாதிரி வைத்துக்கொண்டு மற்ற உடம்பெல்லாம் சிரித்தது. "பொருத்தனையா! நீங்களா! அட பாவி மனுஷா, உங்க வாய் மூடிக் கெடந்ததப் பாத்து, சவப்பெட்டிக்கே அளவெடுக்கச் சொல்லிட்டியளோன்னுல்லா நான் நெனச்சேன்." "சிரிக்காத, குழா ஆடுது." "மூணு வாரம் எப்படி இருந்திய? நோவலையா?" "நோவு இல்லாம இருக்குமா?" பீர் மைதீனின் முதுகும் குலுங்கியது. சிரிப்பு முடிந்ததும் கண்ணோரத்தில் தண்ணீர், சிரிப்புத் தண்ணீரா மற்றதா என்று நான் கேட்கவில்லை, துண்டால் துடைத்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "ரத்தினம், சுகிர்தன் நம்மள விட்டுப் போன அந்த வாரம்." அவள் சிரிப்பு நின்றது. அந்தப் பேர் எங்கள் இருவருக்கும் நடுவில் இத்தனை வருஷம் கழித்து வந்து உட்கார்ந்தது. "வானத்துல இருந்து சத்தம் கேட்டதுன்னு சாட்சி சொல்லுவேன்லா. அது நீதான்." "தெரியும்." "தெரியுமா? பின்ன ஏன் ஒரு தடவகூடச் சொல்லல்ல?" ஐஸ் இல்லாத வாயை ஒரு தடவை ஈரப்படுத்திக்கொண்டாள். "வானத்துல இருந்து வந்ததுன்னு சொன்னிய. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்." பிறகு, "செம்ப எறிஞ்சத மட்டும் எந்த மேடையிலயும் சொல்லல்ல நீங்க," என்றாள். "கதவுலதான பட்டுச்சு?" என்று கேட்டேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "கதவுலதான். அந்தக் கதவுல இன்னும் பள்ளம் இருக்கு. நான் காலண்டர் மாட்டி மறைச்சிருக்கேன்." பியூலா வந்தாள். ஊசியை உருவினாள், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டாள், என் கையை எடுத்து அதன்மேல் வைத்து, "அழுத்திப் பிடிங்க தாத்தா," என்றாள். பஞ்சுக்கு அடியில் ரத்தினத்தின் ரத்தம் தேனீக்கூட்டைத் தொட்டாற்போல அதிர்கிறது. பியூலா நோட்டை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள். "பாட்டி, வெள்ளிக்கிழமைக்குக் காலையா, மத்தியானமா?" வா என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது, கெஞ்சினால் எனக்காக வருவாள், அதட்டினால் வரவேமாட்டாள், ஒரு எண்ணிக்கை சொல்லலாம், அடுத்த வருஷம் மகள் வீட்டில் பேரப்பிள்ளை ஞானஸ்நானம், அதுவரைக்கும் என்று ஒரு எண்ணிக்கை, நாக்கு நுனியில் நிற்கிறது, வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டேன், பஞ்சை அழுத்திக்கொண்டேன், என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான பாதையை நான் ஓட்டினதில்லை. பியூலாவின் பேனா காத்திருந்தது. ரத்தினம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பீர் மைதீனைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "காலையில போடு தாயி," என்றாள். "மத்தியானம்னா இவரு நாற்காலியில உக்காந்துக்கிட்டே குறட்டை விடுவாரு. பாவம், பாய் ஒறங்க வேண்டாமா?" நான் குறட்டை விடுகிறதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையா பொய்யா? தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும். பக்கத்தில் விழித்துக் கிடக்கிறவளுக்குத்தான் தெரியும்.